கடலை இறைக்கப் போன ஆள்காட்டி

சித்திரை வெயிலில் வறண்ட ஏரிக்குள் இறங்கி நடந்தவர்களுக்கு அந்தச் சத்தம் பழகியிருக்கும். இறங்கிய இரண்டாவது நிமிடமே எங்கிருந்தோ ஒரு பறவை கிளம்பி, தலைக்கு மேலே வட்டமடித்துக் கத்தத் தொடங்கும். நடந்தால் கூடவே வரும். நின்றால் இன்னும் தாழ்வாகப் பறந்து கத்தும். ஆள் கரையேறி மறைந்த பிறகுதான் அது அடங்கும். ஆள் வருவதை ஊருக்கெல்லாம் காட்டிக்கொடுப்பதால் அதன் பெயர் ஆள்காட்டி. பேச்சுவழக்கில் ஆக்காட்டி. ஈழத்தில் ஆக்காண்டி.

இதைக் கேட்டு எரிச்சல்படுபவர்களே அதிகம். வேட்டைக்காரர்களுக்கோ இது பரம எதிரி. பதுங்கிப் பதுங்கிப் போகிறவனைப் பார்த்து இது ஒரு குரல் கொடுத்தால் போதும், சுற்றியுள்ள விலங்குகளெல்லாம் காதை நிமிர்த்திக்கொள்ளும். ஆங்கிலேயர் காதில் இதன் கத்தல் 'டிட் ஹி டூ இட்' என்று கேள்வி கேட்பதுபோல் விழுந்தது. இந்தியில் டிட்டஹரி, மராத்தியில் டிட்வி, குஜராத்தியில் டிட்டோடி, மலையாளத்தில் தித்திரி என்று அந்தக் குரலையே பெயராக வைத்துவிட்டார்கள். சமஸ்கிருதத்தில் டிட்டிபம். இந்தப் பெயரில்தான் அது பஞ்சதந்திரக் கதைக்குள் நுழைந்தது. முட்டைகளைப் பறித்துக்கொண்ட கடலை எதிர்த்து நின்ற பறவை என்று பேரெடுத்தது. கடலை அலகால் மொண்டு இறைக்கப் புறப்பட்ட பறவையின் கதை பின்னாளில் துறவிகளின் கைக்குப் போய், மனத்தை அடக்கப் போராடுகிறவர்களுக்கான பாடமாகவும் ஆனது.

கதைக்குப் போவதற்குமுன் பறவையைப் பார்த்துவிட வேண்டும். ஏனென்றால், கடலை இறைக்கப் போனது என்று கதை சொல்லும் இந்த இனம், நிஜமாகவே தண்ணீர் சுமக்கிறது.

சிவப்பு மூக்கு ஆள்காட்டி ஏறக்குறைய ஓரடி நீளமுள்ள பறவை. கருத்த தலை, கருத்த மார்பு, கண்ணுக்குப் பின்னாலிருந்து கழுத்தோரமாக இறங்கி வயிற்றில் கலக்கும் வெள்ளைப் பட்டை, வெண்கலப் பழுப்பில் முதுகு, நெட்டையான மஞ்சள் கால்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் முன்னால் சிவந்த சதை மடல் ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். இராக், ஈரான் தொடங்கி இந்தியா, இலங்கை வழியாகத் தென்கிழக்கு ஆசியா வரைக்கும் இது வாழ்கிறது. தமிழ்நாட்டில் வயல், ஏரி, மேய்ச்சல் தரை எங்கும் காணலாம். கொஞ்சம் வறண்ட, தண்ணீர் தொலைவாக உள்ள வெளிகளில் இதன் உறவினரான மஞ்சள் மூக்கு ஆள்காட்டியைப் பார்க்கலாம்.

இதன் பின்விரல் மிகச் சிறியது. கிளையைப் பற்றிக்கொள்ள உதவாது. அதனால் மரத்தில் அடையும் வழக்கம் இதற்கு இல்லை. தின்பது, தூங்குவது, முட்டையிடுவது, அடைகாப்பது எல்லாம் தரையில்தான்.

கூடு என்று சொல்வதுகூட மரியாதைக்காகத்தான். தரையைச் சற்றே பறித்துவிட்ட ஒரு குழி. சுற்றிலும் சில கூழாங்கற்கள், சில நேரம் ஆட்டுப் புழுக்கை, அவ்வளவுதான். மார்ச் முதல் ஆகஸ்ட் வரையிலான மாதங்களில், பெரும்பாலும் கோடை உக்கிரமாக இருக்கும்போது, அந்தக் குழியில் மூன்று அல்லது நான்கு முட்டைகள் கிடக்கும். மங்கிய மண் நிறத்தில் கரும்புள்ளிகள் இறைத்த முட்டைகள். கூர்முனைகள் உள்நோக்கி இருக்க, பம்பரங்களை அடுக்கியதுபோல் ஒன்றோடொன்று பொருந்திக் கிடக்கும். இரண்டடி தள்ளி நின்று பார்ப்பவருக்குக் கல் எது, முட்டை எது என்று தெரியாது. அந்த ஒன்றுதான் அவற்றுக்குப் பாதுகாப்பு. சுவரில்லை, கூரையில்லை, நிழலுக்கு ஒரு செடிகூட இல்லாத பொட்டல்.

அடைகாக்கும் காலம் 28 முதல் 30 நாள். ஆணும் பெண்ணும் முறை வைத்து உட்காரும். நடுப்பகல் கொதிப்பில் பெண்ணை எழுப்பிவிட்டு ஆண் வந்து உட்காருவதைப் பறவை ஆய்வாளர்கள் குறித்திருக்கிறார்கள். மற்ற பறவைகள் முட்டைக்குச் சூடு கொடுக்க அடைகாக்கின்றன. சித்திரை, வைகாசியில் ஆள்காட்டிக்கு வேலை நேரெதிர். சுடும் தரையில் கிடக்கிற முட்டைக்குள் கரு வெந்துவிடாமல் காக்க வேண்டும். அதற்காகச் சில நேரம் அது உட்காராமல், கால்களை விறைத்து நின்றபடி தன் உடம்பையே குடையாகப் பிடிக்கும்.

நிழல் மட்டும் போதாதபோது அது செய்கிற காரியம்தான் வியப்பானது. அருகில் எங்கே தண்ணீர் இருக்கிறதோ, அங்கே போகும். குட்டையோ வாய்க்காலோ, நீரில் இறங்கி வயிற்றை அமிழ்த்தி இறகுகளை நன்றாக நனைத்துக்கொள்ளும். சொட்டச் சொட்டத் திரும்பி வந்து முட்டைகளின்மேல் உட்காரும். ஈரம் முட்டைகளில் படும், குழி மண்ணில் இறங்கும், வெப்பம் தணியும். கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். மறுபடி எழுந்து போகும், மறுபடி நனைந்து வரும். வி. சுந்தரராமன் இந்த வழக்கத்தைப் பற்றிய குறிப்பை 1989இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்விதழில் வெளியிட்டார். முட்டையின் சூட்டைத் தணிக்க இது எப்படி உதவுகிறது என்று அதன் பிறகும் ஆராய்ந்திருக்கிறார்கள். குஞ்சு பொரித்த பிறகும் இந்த ஈர வயிறு வேலை செய்கிறது. தாகத்தில் கிடக்கும் குஞ்சுகளுக்குத் தண்ணீர் வந்து சேருவது அந்த இறகுகளின் வழியாகத்தான்.

ஒரு தடவை வயிற்றில் ஏறுகிற தண்ணீர் எவ்வளவு இருக்கும்? சில சொட்டுகள். அந்தச் சில சொட்டுகளை நம்பித்தான் ஒரு தலைமுறை உயிரோடு இருக்கிறது.

இவ்வளவு பாடுபட்டும் பலன் உறுதியில்லை. டெல்லி தேசிய உயிரியல் பூங்கா வளாகத்தில் கூடு வைத்த ஆள்காட்டிகளைக் கவனித்து 1976இல் வெளியிட்ட குறிப்பு ஒன்று, முட்டைகளில் ஏறத்தாழ 43 விழுக்காடு பொரியாமலே அழிந்ததாகக் கணக்குச் சொல்கிறது. கீரி, காகம், பருந்து என்று எதிரிகள் ஏராளம். பொரித்த பின் சாகும் குஞ்சுகளையும் கழித்தால், நூறு முட்டைக்கு ஏறக்குறைய நாற்பதுதான் தேறி வரும். பறிகொடுத்த இணை கொஞ்ச நாளில் இன்னொரு குழியைப் பறித்து இன்னொரு முறை முட்டையிடும். மறுபடி முதல் நாளிலிருந்து 28 நாள்.

இப்போது கதைக்கு வரலாம்.

பஞ்சதந்திரத்தின் முதல் பகுதியில் தமனகன் என்னும் நரி, சஞ்சீவகன் என்னும் எருதுக்கு இந்தக் கதையைச் சொல்கிறது. கடற்கரையில் ஓர் ஆள்காட்டி இணை. முட்டையிட வேறு இடம் பார்க்கலாம் என்கிறது பெண். கடலுக்கு நம்மைத் தொட ஏது துணிச்சல் என்று மார்தட்டுகிறது ஆண். இதைக் கேட்ட கடல், இவன் என்னதான் செய்துவிடுவான், பார்ப்போமே என்று முட்டைகளை வாரிக்கொண்டு போய்விடுகிறது. அலகால் மொண்டே உன்னை வற்றடிக்கிறேன் என்று ஆண் சூளுரைக்கிறது. பெண் அமைதியாக யோசனை சொல்கிறது: தனியாக முடியாது, இனத்தைக் கூட்டு. பறவைகள் கூடுகின்றன, தங்களால் ஆகாது என்று உணர்ந்து கருடனிடம் முறையிடுகின்றன. கருடன் திருமாலிடம் போகிறான். திருமால் அக்கினி அம்பைத் தொடுத்ததும் கடல் நடுங்கிப்போய் முட்டைகளைத் திருப்பித் தந்துவிடுகிறது.

பஞ்சதந்திரம் அரசகுமாரர்களுக்கு அரசியல் கற்பிக்க எழுந்த நூல். அதனால் அங்கே பாடம் பறவைக்கு இல்லை, கடலுக்குத்தான். எதிராளி சிறியவன் என்று பார்க்காதே, அவன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார் என்பதுதான் தமனகன் சொல்ல வந்தது. பறவையின் வீறாப்பைக் கதை கொஞ்சம் கேலியாகவே நடத்துகிறது. வானம் இடிந்து விழுந்தால் தாங்கிக்கொள்வதற்காக ஆள்காட்டி காலை மேலே தூக்கி மல்லாந்து தூங்கும் என்கிற பழைய நம்பிக்கையையும் இந்தக் கதை எடுத்துக்காட்டுகிறது. வட இந்தியப் பேச்சில் அந்தக் கேலி இன்றும் இருக்கிறது. தகுதிக்கு மீறி ஆசைப்படுகிறவனைப் பார்த்து, டிட்டஹரி வானத்தைத் தாங்கிவிடுமா என்று கேட்பார்கள்.

கேலிக்குரிய பறவையைக் கும்பிடத்தக்கதாக மாற்றியது வேதாந்த மரபு. அந்த மாற்றம் நடந்த விதம் சுவையானது.

ஆதிசங்கரரின் குருவுக்குக் குரு என்று மரபு போற்றும் கௌடபாதர், பன்னிரண்டே மந்திரங்கள் கொண்ட மாண்டூக்ய உபநிடதத்துக்குக் காரிகை என்னும் செய்யுள் விளக்கம் செய்தார். அதன் மூன்றாம் பகுதியில் மனத்தை அடக்குவது பற்றிப் பேசும்போது, தர்ப்பைப் புல்லின் நுனியால் கடலைச் சொட்டுச் சொட்டாக இறைப்பது போன்ற வேலை அது என்கிறார். பறவை அங்கே கிடையாது. புல்லும் கடலும் மட்டும்தான்.

உவமையை அவர் அளந்துதான் தேர்ந்திருக்க வேண்டும். உலகக் கடல்களின் கொள்ளளவு இன்றைய கணக்கில் சுமார் 133 கோடி கன கிலோமீட்டர். கணக்குத் தெரியாத காலத்திலும், புல்நுனியால் கடல் வற்றாது என்பது எல்லோருக்கும் தெரியும். முடியாது என்று தெரிந்த ஒன்றையே அவர் எடுத்துக்காட்டாக வைக்கிறார். வைத்துவிட்டு, மனத்தை அடக்குவதற்கு ஒரே ஒரு நிபந்தனை சொல்கிறார். அபரிகேதம் என்பது அவர் ஆளும் சொல். பரிகேதம் என்றால் சோர்ந்து மனம் நொந்து போவது. அது இல்லாமல் செய்ய வேண்டும் என்பதே நிபந்தனை. பலத்தைப் பற்றியோ வேகத்தைப் பற்றியோ பேச்சே இல்லை.

கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் 23ஆம் சுலோகமும் இதே இடத்தைத் தொடுகிறது. யோகத்தை உறுதியோடு பழக வேண்டும், சலித்துப்போகாத மனத்தோடு பழக வேண்டும் என்கிறான் கண்ணன். பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த மதுசூதன சரஸ்வதி, கீதைக்கு எழுதிய கூடார்த்த தீபிகை என்னும் உரையில் இந்த இடத்துக்கு வரும்போது கௌடபாதரின் புல்நுனியை நினைவுகூர்கிறார். கூடவே, மரபறிந்தோர் சொல்லும் கதை என்று சொல்லிப் பறவையையும் கடலையும் அழைத்து வருகிறார்.

அவர் சொல்லும் கதை பஞ்சதந்திரக் கதையிலிருந்து வேறுபடுகிறது. வீறாப்பு கிடையாது, கணவன் மனைவி வாக்குவாதம் கிடையாது. கரையில் கிடந்த முட்டைகளை அலை கொண்டுபோய்விட்டது. பறவை கடலை வற்றவைப்பது என்று முடிவெடுத்து அலகு நுனியால் ஒவ்வொரு சொட்டாக எடுத்து வெளியே எறியத் தொடங்கியது. சொந்தபந்தமெல்லாம் கூடி வந்து தடுத்தது. கேட்கவில்லை. தற்செயலாக அங்கே வந்த நாரதரும் தடுத்துப் பார்த்தார். இந்தப் பிறவியில் முடியாவிட்டால் அடுத்த பிறவியில், எப்படியாவது வற்றவைத்தே தீருவேன் என்றது. மனமிரங்கிய நாரதர் கருடனை அனுப்பினார். கருடனின் சிறகுக் காற்றிலேயே காயத் தொடங்கிய கடல் முட்டைகளைக் கொடுத்துவிட்டது.

பஞ்சதந்திரத்தில் இனம் திரண்டு போய் உதவி கேட்கிறது. மதுசூதனரிடம் பறவை யாரிடமும் போகவில்லை. அது தன் வேலையிலிருந்து தலை நிமிரவே இல்லை. உதவிதான் அதைத் தேடி வந்தது. ஆன்மிகப் பாடம் அந்த இடத்தில்தான் இருக்கிறது. பறவை கடலை வற்றவைத்தது என்று மதுசூதனர் எழுதவில்லை. நின்றுவிடாமல் செய்தது என்றுதான் எழுதினார். தியானத்தில் உட்கார்ந்து பார்த்த எவருக்கும் இதன் அர்த்தம் புரியும். கண்ணை மூடிய மறுகணம் மனம் சந்தைக்கும் அலுவலகத்துக்கும் ஓடும். இழுத்து வந்து உட்காரவைத்தால் மறுபடி ஓடும். நூறு தடவை ஓடினால் நூறு தடவை இழுத்து வர வேண்டும். ஓடுவதைத் தடுக்க முடியவில்லையே என்ற நோவு நுழைந்தால் பயிற்சி அன்றோடு நின்றுபோகும். ஓடியதா, சரி, கூட்டி வா என்று அலுக்காமல் திரும்பத் திரும்பச் செய்கிறவருக்கே அது கைகூடும். கௌடபாதர் கேட்கிற ஒரே நிபந்தனை இதுதான்.

பௌத்தர்களிடம் இதற்கு மாறான ஒரு கதை இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் விடாமுயற்சி என்ற பேரில் எதையும் நியாயப்படுத்திவிடலாம். பாலி மொழி ஜாதகக் கதைகளில் 146ஆவது காக்கை ஜாதகம். கடற்கரையில் நாகர்களுக்குப் படைத்த பாலும் சோறும் மீனும் மதுவும் கிடக்கின்றன. ஒரு காக்கையும் அதன் பேடும் வயிறு முட்டத் தின்று குடித்துவிட்டு, போதையில் கடலில் குளிக்க இறங்குகின்றன. அலை பேட்டை அடித்துப் போகிறது, மீன் விழுங்கிவிடுகிறது. காக்கை கதற, ஊர்க் காக்கைகளெல்லாம் சேர்ந்து கடலை இறைக்கத் தொடங்குகின்றன. உப்பு நீரில் தொண்டை புண்ணாகிக் கண் சிவந்து களைத்ததும் வேலை நின்றுவிடுகிறது. அவள் அலகு எத்தனை அழகு, குரல் எத்தனை இனிமை என்று புலம்பல் தொடங்குகிறது. கடல் தேவதை ஒரு பயங்கர உருவத்தைக் காட்டி அந்தக் கூட்டத்தை விரட்டிவிடுகிறது.

அதே கடல், அதே அலகு, அதே சொட்டு. ஒரு கதையில் மூடத்தனம், இன்னொன்றில் தவம். வித்தியாசம் எங்கே? காக்கைக்கு மீட்க எதுவும் மிச்சமில்லை, பேடு இறந்துவிட்டது. அது இறைத்தது துக்கத்தின் வெறியில். ஆள்காட்டியின் முட்டைகள் கடலுக்குள் இன்னும் உயிரோடு இருந்தன. காக்கையின் கவனம் போன பேட்டின் மேலேயே இருந்தது, அதனால் சீக்கிரமே புலம்பலில் முடிந்தது. ஆள்காட்டியின் கவனம் அடுத்த சொட்டின்மேல் இருந்தது. இரண்டு கதையையும் சேர்த்துப் படிக்கிறவருக்கே விடாப்பிடிக்கும் விடாமுயற்சிக்கும் உள்ள தூரம் பிடிபடும். ஒரு பிடிவாதத்தைத் தவமென்று எண்ணி வாழ்நாளைச் செலவழிப்பவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் காக்கையின் கதையையும் ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் இந்தப் பறவைக்கு இன்னொரு கதை உண்டு. அது ஏட்டில் பிறக்காமல் வாய்வழியாக வந்தது. எங்கே முட்டையிட்டாய் என்று ஆக்காட்டியைக் கேட்பதாகத் தொடங்கும் நாட்டுப்பாடல் அது. அங்கேயும் முட்டை கடலோரத்தில்தான், கல்லுக்கு நடுவில். பொரித்த குஞ்சுகளுக்கு இரை தேடப் போகும் தாய், கண்ணியில் மாட்டிக்கொள்கிறது. குஞ்சுகளை நினைத்து அது அழுத கண்ணீர் ஆறாகவும் குளமாகவும் பெருகுகிறது. வடமொழிக் கதையில் ஆள்காட்டி கடலைக் குறைக்கப் பார்க்கிறது. தமிழ்ப் பாட்டில் அது தண்ணீரைப் பெருக்கிவிடுகிறது. கருடன் வருவதில்லை. கடலோரக் கல்லில் முட்டையிடுகிற பிடிவாதமும், சிக்கிக்கொண்ட பின்னும் குஞ்சை மறக்காத நெஞ்சும் மட்டுமே அதற்கு மிச்சம். ஈழத்துக் கவிஞர் சண்முகம் சிவலிங்கம் தம் கவிதைக்கு 'ஆக்காண்டி' என்று பெயர் வைத்து, இந்தப் பழைய பாட்டை ஒடுக்கப்பட்ட மக்களின் குரலாக்கினார். தலைமுறை தலைமுறையாக இந்தப் பறவையிடம் மக்கள் தங்களைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

வள்ளுவர் அதிகாரங்களை அடுக்கிய முறையும் இங்கே நினைவுக்கு வருகிறது. ஆள்வினையுடைமை 62ஆம் அதிகாரம், விடாமல் முயல்வது பற்றியது. அதற்கு அடுத்து உடனே இடுக்கண் அழியாமை, துன்பத்தில் மனம் உடையாமல் இருப்பது பற்றியது. முயற்சியைச் சொன்ன கையோடு மனம் நோகாமையைச் சொல்ல வேண்டும் என்று அவருக்கும் தோன்றியிருக்கிறது. கௌடபாதரின் அபரிகேதமும் இதுவும் பக்கத்துப் பக்கத்து வீடுகள்.

கதை கட்டியவர்கள் எதைப் பார்த்துக் கட்டினார்கள்? கடலை இறைக்கும் வேலைக்கு மயிலையோ கிளியையோ விட்டுவிட்டு ஆள்காட்டியை ஏன் தேர்ந்தார்கள்? இது ஊகம்தான் என்றாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீர்க்கரைக்கும் குழிக்குமாக ஓயாமல் போய்வந்துகொண்டிருக்கும், வயிற்றிலிருந்து நீர் சொட்டும் ஒரு பறவையை, மாடு மேய்த்தவரோ மீன் பிடித்தவரோ கோடை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். அது ஏன் தண்ணீர் சுமக்கிறது என்று அவர் வீட்டுப் பிள்ளை கேட்டிருக்கும்.

இந்தியாவின் உழவர்கள் இதன் குழியைக்கூடப் படித்து வைத்திருக்கிறார்கள். மாளவத்துப் பீல் பழங்குடியினர், ஆள்காட்டி ஓடைப் படுகைக்குள் முட்டையிட்டால் மழை தள்ளிப்போகும், கரைமேல் இட்டால் வழக்கம்போலப் பெய்யும் என்று நம்பினார்கள். குஜராத், ராஜஸ்தான் பகுதிகளில் முட்டை கிடக்கும் மேடு பள்ளத்தை வைத்து மழையைக் கணிக்கும் வழக்கம் இன்னும் உண்டு. நம்பிக்கை பலித்ததா இல்லையா என்பது வேறு விஷயம். ஒரு குழியை மிதிக்காமல் குனிந்து பார்த்த பழக்கம் அதில் இருந்தது.

அந்தப் பழக்கம் குறைந்துவிட்டது. பொட்டல் என்று நாம் ஒதுக்கிய இடமெல்லாம் இப்போது மனை. ஏரிக்குள் ஜேசிபி இறங்குகிறது, தெருநாய்கள் கூட்டமாகத் திரிகின்றன, கோடை விடுமுறையில் வறண்ட குளமெல்லாம் கிரிக்கெட் மைதானம். ஆள்காட்டி இதற்கும் ஈடுகொடுத்துப் பார்க்கிறது. ரயில் தண்டவாளங்களுக்கு இடையில் ஜல்லிக்கற்களின்மேல் அது முட்டையிட்டிருக்கிறது. ஜல்லி பரப்பிய கட்டட மாடிகளிலும் அதன் கூடுகள் பதிவாகியுள்ளன. பொரித்த குஞ்சு ஒரு நாளுக்குள் எழுந்து ஓடத் தொடங்கிவிடும், தானே கொத்தித் தின்னும். அம்மா குரல் கொடுத்தால் இருந்த இடத்திலேயே கல்லாகிப் படுத்துக்கொள்ளும். மாடு மேய்ந்தபடி கூட்டருகில் வந்தால், கால்பங்கு கிலோகூட இல்லாத அந்தப் பறவை இறக்கையை விரித்துக் காட்டி எதிரே நிற்கும். மாடு விலகிப் போகும்.

மனிதன் வந்தால் அதன் உத்தி வேறு. முட்டைமேல் இருக்கும் பறவை சத்தமில்லாமல் எழுந்து, குனிந்தபடி தொலைவுக்கு ஓடி, அங்கிருந்துதான் பறந்து கத்தத் தொடங்கும். கத்தல் எழும் இடத்தில் கூடு இருக்காது. தேடிப் போகிறவர்கள் அது தெரியாமல் முட்டைகளை மிதித்துவிடுகிறார்கள். அதைவிட மோசம், நல்லெண்ணத்தோடு செல்பேசியைத் தூக்கிக்கொண்டு குழியருகே நின்று படம் பிடிப்பது. பகல் பன்னிரண்டு மணிக்குக் கால் மணி நேரம் பறவையை அண்டவிடாமல் நாம் நின்றுவிட்டால், அத்தனை நாள் அது சுமந்த தண்ணீர் வீண்.

எனவே ஒரு வேண்டுகோள். இந்தக் கோடையில் ஏரியிலோ வயலோரத்திலோ காலி மனையிலோ நடக்கும்போது தலைக்கு மேலே அந்தக் கத்தல் கேட்டால், தேட வேண்டாம். நின்று, வந்த வழியே தரையைப் பார்த்து அடி வைத்துத் திரும்பிவிடுங்கள். கூட நாய் வந்திருந்தால் கட்டிக்கொள்ளுங்கள், பிள்ளைகள் வந்திருந்தால் காரணத்தைச் சொல்லுங்கள். உங்கள் நிலத்தில் குழி இருப்பது தெரிந்தால் சுற்றி நாலு முழத்துக்கு உழாமல் விட்டு, பக்கத்தில் வாய்க்கால் வறண்டிருந்தால் சற்றுத் தள்ளி ஓர் அகலமான மண்சட்டியில் ஆழமில்லாமல் தண்ணீர் வையுங்கள். இருபத்தெட்டு நாள், மிஞ்சிப்போனால் முப்பது. அதற்குமேல் அந்த இடம் அதற்குத் தேவைப்படாது.